பத்தடிக் காருக்குள் ஒரு பால்மரம்

சிங்கப்பூரில் ஒரு காரை நிறுத்தக் கோடு போட்டு ஒதுக்கும் இடம் 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். புக்கிட் பாத்தோக்கில் வீவக புளோக் ஒன்றின் கீழே, அந்தக் கோடுகளுக்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழைய மினி ஒன்று நின்றிருந்தது. இரண்டு பக்கமும் நின்ற இன்றைய கார்கள் தங்கள் கட்டத்தை அடைத்துக்கொண்டிருந்தன. மினிக்கு முன்னால் மட்டும் ஒரு சாப்பாட்டு மேசை போடும் அளவுக்கு இடம் மிச்சமிருந்தது.

ஈரச்சந்தையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பையைத் தரையில் வைத்துவிட்டு, காரின் வட்ட விளக்கை உள்ளங்கையால் துடைத்தார்.

“உங்க காரா அங்கிள்?” என்று கேட்டேன்.

“இல்ல தம்பி. எங்கண்ணன் இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தாரு. ஆறு பேரு போவோம்.”

பத்தடி நீளம், அதாவது 3.05 மீட்டர். அகலம் 1.41 மீட்டர். அதற்குள் ஆறு பேர் எப்படிப் போனார்கள்? அறுபது ஆண்டுகள் கழித்தும் ஒருவரை நிறுத்தி விளக்கைத் துடைக்க வைக்கும் அளவுக்கு இந்தச் சின்னக் காரில் என்ன இருக்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் அறிவியலில் விடை இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் பாட்டன், பாட்டி கைபட்ட பொருள்.

தட்டுப்பாட்டில் பிறந்த பிள்ளை

1956-ல் எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியது. அதைத் தொடர்ந்த போரில் கால்வாய் அடைபட்டு, பிரிட்டனுக்கு எண்ணெய் வருவது தடுமாறியது. அந்த ஆண்டு டிசம்பரில் அங்கே பெட்ரோல் பங்கீடு வந்தது. குறைந்த எண்ணெயில் ஓடும் குமிழி போன்ற சின்ன வண்டிகளைத் தேடி மக்கள் போனார்கள். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்டு லார்டு, உண்மையான கார் ஒன்றையே சின்னதாகச் செய்யச் சொல்லி அலெக் இஸிகோனிஸ் என்ற பொறியாளரிடம் வேலையை ஒப்படைத்தார்.

இஸிகோனிஸ் இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில் 1906-ல் பிறந்தவர். போரில் ஊரைவிட்டு வெளியேறி, இங்கிலாந்துக்கு அகதியாக வந்த குடும்பம். 1948-ல் வெளியான மோரிஸ் மைனரும் அவர் வடிவமைத்ததுதான். பிரிட்டனில் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் அது. சிங்கப்பூர், கொழும்பு, யாழ்ப்பாணம் என்று நம்மவர் வாழ்ந்த ஊர்களின் பழைய குடும்பப் படங்களில் அந்த உருண்டை முதுகைப் பார்க்கலாம்.

அவர் எடுத்த முடிவு எளியது. பத்தடி நீளத்தில் ஏறத்தாழ எட்டடி மனிதருக்கும் மூட்டைக்கும். மிச்சத்துக்குள் இயந்திரம் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். பெரிய காரை எல்லாப் பக்கமும் சமமாகச் சுருக்கினால் இது நடக்காது. மனிதனின் கால் நீளத்தையும் தோள் அகலத்தையும் சுருக்க முடியாதே! முதலில் மனிதரை உட்கார வைத்து, பிறகு அவர்களைச் சுற்றிக் காரைக் கட்ட வேண்டும்.

குறுக்கே படுத்த இயந்திரம்

அந்தக் காலக் கார்களில் இயந்திரம் நீளவாக்கில் இருக்கும். அதன் பின்னால் கியர் பெட்டி. அங்கிருந்து நீண்ட தண்டு ஒன்று காரின் வயிற்றுக்கடியில் ஓடிப் பின்சக்கரங்களைச் சுழற்றும். அந்தத் தண்டுக்கு வழிவிடவே காரின் நடுத்தளத்தில் ஒரு மேடு இருக்கும்; நடுவில் உட்காருபவரின் கால் படும் பாடு தெரியும்.

இஸிகோனிஸ் இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பினார். கியர் பெட்டியை இயந்திரத்துக்கு அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். இரண்டுக்கும் ஒரே எண்ணெய். சுழற்சி நேரே முன்சக்கரங்களுக்குப் போனது. நீண்ட தண்டும் நடு மேடும் தேவையற்றுப் போயின. தகடுகளை ஒட்டும் விளிம்புகளைக்கூட அவர் காருக்கு வெளிப்புறம் வைத்தார்; பழைய மினியின் மூலையில் விரலை ஓட்டினால் அந்த மடிப்புத் தட்டுப்படும். கதவுக் கண்ணாடி கீழே இறங்காமல் பக்கவாட்டில் நகரும்படி செய்ததால், கதவின் உட்புறம் முழுவதும் சாமான் வைக்கும் பையாயிற்று. 848 சிசி இயந்திரம், 34 குதிரைத்திறன், ஏறத்தாழ 600 கிலோ எடை. 1959 ஆகஸ்ட் 26-ல் மினி வெளிவந்தது.

முன்சக்கரமே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்றால் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு தண்டுகளைச் சாதாரண மூட்டால் இணைத்து மடக்கினால், ஒன்று சீராகச் சுழன்றாலும் மற்றது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 30 டிகிரி மடங்கும்போது வேகம் ஒரு கட்டத்தில் 13 விழுக்காடு குறையும். மறு கட்டத்தில் 15 விழுக்காடு கூடும். வளைவில் திரும்பும்போதெல்லாம் ஸ்டீயரிங் கையை உதறும்.

இதற்கான தீர்வை 1926-லேயே ஆல்ஃபிரெட் ரெசெப்பா என்ற ஃபோர்டு பொறியாளர் கண்டுபிடித்திருந்தார். ஒரு கிண்ணம், அதற்குள் ஓர் உருண்டை, இரண்டுக்கும் இடையே வளைந்த பள்ளங்களில் ஆறு எஃகுக் குண்டுகள். தண்டுகள் எந்தக் கோணத்தில் மடங்கினாலும் குண்டுகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்தில் போய் நிற்கும். இரு பக்கமும் சமம் என்பதால் வேகமும் சமம். இன்று சாலையில் நாம் பார்க்கும் கார்களில் மிகப் பல குறுக்கு இயந்திரமும் முன்சக்கர இழுவையும் கொண்டவை. அவற்றின் முன் அச்சில் சுழல்வது அந்த மூட்டின் வழிவந்த மூட்டுதான்.

வில்லுக்குப் பதில் பால்

சின்னக் காரின் ஆகப் பெரிய சிக்கல் எடை. 1,500 கிலோ காரில் நான்கு பேரும் மூட்டையுமாக 350 கிலோ ஏறினால், கால் பங்குக்கும் குறைவாகவே சுமை கூடும். 600 கிலோ மினியில் அதே 350 கிலோ ஏறினால் பாதிக்கும் மேல். எஃகுச் சுருள் வில் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு இறங்கும். இரண்டு மடங்கு எடைக்கு இரண்டு மடங்கு இறக்கம். ஒருவர் போகும்போது சுகமாக இருக்க வில்லை மென்மையாக்கினால், ஆறு பேர் ஏறியதும் கார் தரையைத் தட்டும். ஆறு பேருக்காகக் கடினமாக்கினால் ஒருவர் போகும்போது எலும்பு குலுங்கும்.

இஸிகோனிஸின் நண்பர் அலெக்ஸ் மௌல்டன் இதற்கு ரப்பரைக் கொண்டு வந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா ஸ்டீபன் மௌல்டன் 1848-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஆன் ஏவன் என்ற ஊரில் ரப்பர் ஆலை தொடங்கியவர். மினியின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ரப்பர் கூம்பு. லேசாக அழுத்தினால் இணங்கிக் கொடுக்கும்; மேலும் அழுத்த அழுத்த முரண்டு பிடிக்கும். சுமைக்கு ஏற்பத் தன்னைத்தானே கடினமாக்கிக்கொள்ளும் வில் அது. இடமும் எடையும் கொஞ்சம்தான். அந்தப் பெரியவரின் அண்ணனையும் மற்ற ஐவரையும் தாங்கியவை நான்கு கையடக்கக் கூம்புகள்.

ரப்பருக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது? ஒரு ரப்பர் வளையத்தைச் சட்டென்று இழுத்து, உடனே மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். தளரவிட்டு மறுபடி வையுங்கள், குளிரும். ரப்பர் என்பது நூல் கண்டுபோலச் சிக்கிக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுகளின் கூட்டம். இழுக்கும்போது அவை வரிசையில் நிற்கக் கட்டாயப்படுத்தப்படுகின்றன. விட்டதும் பழைய சிக்கலுக்கே ஓடுகின்றன. ஒழுங்கிலிருந்து ஒழுங்கின்மைக்குத் திரும்பும் அந்த வேட்கைதான் ரப்பரின் விசை. ஆனால் மரத்துப் பாலில் கிடைக்கும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் இறுகும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் மூலக்கூறுகளுக்கிடையே முடிச்சுகள் விழும். அப்போதுதான் ஒரு பொருளாக நின்று உழைக்கும்.

இந்தப் பாலின் வரலாற்றில் நம் ஊரின் பெயர் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. 1877-ல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் பூமலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1888-ல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையில் சாய்கோடுகளாகக் கீறிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். ரப்பர் நடுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்ற பெயரும் வாங்கினார். பிறகு மலாயாவின் மலைச்சரிவுகள் பால்மரக் காடாயின.

அந்தக் காட்டில் விடியுமுன் நெற்றி விளக்கோடு இறங்கியவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். பட்டையில் கத்தி ஓர் இழை ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும். ஆழம் குறைந்தால் பால் வராது. வெயில் ஏறினால் பால் உறைந்து கீறல் அடைபடும். அதனால்தான் இருட்டிலேயே வேலை. மங்கில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்த அந்தப் பால் ஆலைக்குப் போய்த் தகடாகி, சிங்கப்பூர்த் துறைமுகம் வழியாக உலகத்தின் டயர் ஆலைகளுக்குப் போனது. மோட்டார் காரின் நூற்றாண்டு என்று சொல்கிறார்களே, அந்த நூற்றாண்டு உருண்டது நம்மவர் கத்தி நுனியின் நிதானத்தின் மீது. கார் வரலாறு எழுதும் புத்தகங்கள் வடிவமைப்பாளர் பெயரைச் சொல்கின்றன. பால் வெட்டியவர் பெயரை நாம்தான் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரின் காடுகளில் அந்தத் தோட்டங்களின் மிச்சமாக ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. வெயில் காலத்தில் அவற்றின் காய் ‘பட்’டென்று வெடித்து, புள்ளி போட்ட கொட்டைகள் சிதறும். அந்தக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பக்கத்துப் பையனின் தொடையில் சூடு வைத்த தலைமுறை இங்கே இருக்கிறது.

மழையும் ஐந்து விரலும்

மினிக்கு ஒரு பெரும் பலவீனம் இருந்தது. இயந்திரத்தை முன்பின்னாகத் திருப்பி வைத்ததில், நான்கு உருளைகளுக்கும் தீப்பொறி பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கம்பி வலைக்கு நேர் பின்னால் வந்துவிட்டது. மழையில் ஓட்டினால் தண்ணீர் அங்கே தெறிக்கும், தீப்பொறி ஈரத்தின் வழியே வேறு பக்கம் ஓடிவிடும், கார் நின்றுவிடும். நினைத்தால் கொட்டும் சிங்கப்பூர் மழையில் இது சின்னத் தொல்லையா?

மினிக்காரர்கள் கண்ட வழி சமையலறை ரப்பர் கையுறை. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து நான்கு தீப்பொறிக் கம்பிகள் வெளியே போகும். மின்சுருளிலிருந்து ஒரு கம்பி உள்ளே வரும். மொத்தம் ஐந்து. கையுறையின் ஐந்து விரல் நுனிகளையும் வெட்டி, விரலுக்கு ஒரு கம்பியாக நுழைத்து, உள்ளங்கைப் பகுதியால் டிஸ்ட்ரிபியூட்டரை மூடிவிட்டால் எந்த மழையும் ஒன்றும் செய்யாது. மறுபடியும் ரப்பர்தான் காப்பாற்றியது. ஒரு பொருளைத் திறந்து பார்த்து, அதன் நோவு இதுதான் என்று தெரிந்து, வீட்டிலிருப்பதைக்கொண்டு தீர்க்க முடிந்த காலம் அது. இன்றைய காரின் மூடியைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் பலகைதான் கண்ணில் படுகிறது.

மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணம்

திறந்து பார்க்க முடிந்த அந்த எளிமை ஓர் ஊரையே தாங்கியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் போகத் தடை இருந்தது. அப்போது அங்கே ஓடியவை ஒஸ்ரின் ஏ 40, மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்கள். ஓடியது மண்ணெண்ணெயில். கைவசம் வைத்திருக்கும் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். வெண்புகை கக்கிக்கொண்டு, நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஏற்றிக்கொண்டு அவை ஓடின.

இதற்குக் காரணம் அந்த இயந்திரங்களின் அடக்கம். பெட்ரோல் இயந்திரம் காற்றும் எண்ணெயும் கலந்த கலவையை அழுத்திப் பிறகு கொளுத்துகிறது. இன்றைய இயந்திரங்கள் பத்து மடங்குக்கும் மேல் அழுத்துகின்றன; அந்த அழுத்தத்தில் மண்ணெண்ணெய் தீப்பொறிக்கு முன்பே தானாகப் பற்றி இயந்திரத்தை உள்ளிருந்து சம்மட்டியால் அடிக்கும். உதாரணமாக, 1951-ல் வந்த ஒஸ்ரின் ஏ 30-இன் 803 சிசி இயந்திரம் 7.2 மடங்குதான் அழுத்தியது. எண்ணெய் உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டி இருந்ததால், புகையின் சூடு மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது. அதே இயந்திரக் குடும்பத்தின் 848 சிசி பிள்ளைதான் மினியின் நெஞ்சில் இருப்பது.

துடைத்த கை

இனி, அந்தப் பெரியவரின் கைக்கு வருவோம். கான்ராட் லோரென்ஸ் என்ற விலங்கியலாளர் 1943-ல் ஒன்றைச் சொன்னார்: பெரிய கண், உருண்ட முகம், சின்ன உடல் கொண்ட எதைப் பார்த்தாலும் அது குழந்தை என்று நம் மனம் இளகும். பெரிய வட்ட விளக்குகளும் சின்ன உடலும் உள்ள காருக்கும் மனம் அதே கதவைத் திறக்கிறது. வியன்னா ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, காரின் முன்பகுதியைப் பலர் முகமாகவே படிக்கிறார்கள் என்று காட்டியது.

கண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. சாலை நம்மைக் கடந்து ஓடும் வேகத்தை மூளை உணர்வது, கண்ணின் உயரத்தைப் பொறுத்தது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து போவதைவிட, ஒரு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து போனால் அதே வேகத்தில் தரை ஒன்றரை மடங்கு விரைவாக ஓடுவதுபோலத் தெரியும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போன மினி ஒரு சிறுவனுக்குப் பறந்தது பொய்யில்லை.

மூன்றாவது, வாசனை. பார்வையும் ஒலியும் மூளையில் தாலமஸ் என்ற வாசலைக் கடந்தே உள்ளே போகின்றன. வாசனை அந்த வாசலில் நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் காக்கும் பகுதிகளுக்கு நேரே போய்விடுகிறது. வெயிலில் காய்ந்த ரெக்சின் இருக்கையும் பெட்ரோலும் சூடான எண்ணெயும் கலந்த அந்த மணம் ஒரு நொடியில் ஒருவரை அண்ணனின் பின்னிருக்கையில் உட்கார வைத்துவிடும். ஊரை நினைத்து வரும் ஏக்கத்தை 1688-ல் யொஹானஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் நோயென்று எழுதினார். இன்றைய உளவியலோ பழைய நினைவின் ஏக்கம் தனிமையைத் தணிக்கும் மருந்து என்கிறது. அந்தக் காலையில் அவர் முகத்தைப் பார்த்த எனக்கு அதில் ஐயமில்லை.

இந்த மேட்டில் ஒரு தொழிற்சாலை

கார் என்ற பொருளோடு இந்த வட்டாரத்துக்கு உறவு பழையது. ஃபோர்டு மலாயா நிறுவனம் 1926-ல் சிங்கப்பூரில் தொடங்கியது. ரெசெப்பா தன் மூட்டைக் கண்டுபிடித்த அதே ஆண்டு. 1941 அக்டோபரில் அப்பர் புக்கிட் தீமா சாலையில், இன்றைய புக்கிட் பாத்தோக்கின் ஓரத்தில், அதன் புதிய ஆலை திறந்தது. தென்கிழக்காசியாவில் ஃபோர்டின் முதல் கார் பூட்டும் ஆலை அது. நான்கே மாதத்தில், 1942 பிப்ரவரி 15 அன்று, பிரிட்டிஷ் படைத்தளபதி பெர்சிவல் அங்கேதான் ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவிடம் சரணடைந்தார். போருக்குப் பின் மறுபடி கார் பூட்டி, 1980-ல் ஆலை மூடியது. 2006-ல் தேசிய நினைவுச்சின்னமானது. போரின் கதையைக் கேட்கப் போகும் பிள்ளைகளுக்கு, அந்தக் கூரையின் கீழ் கார்கள் பிறந்த கதையையும் சொல்ல வேண்டும்.

புக்கிட் பாத்தோக்குக்கு எம்ஆர்டி வந்தது 1990 மார்ச்சில். அந்த மே மாதம் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்தது. பத்தாண்டுக்கு ஒரு காரை வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய அந்தத் தாள், பெரிய கார்களுக்கு 2023 அக்டோபரில் 150,001 வெள்ளியைத் தொட்டது. இடம் குறைந்த தீவுக்கு அந்தக் கட்டுப்பாடு தேவை என்பதை நான் ஏற்கிறேன். 35 ஆண்டு கடந்த கார்களைத் தொன்மை வாகனமாகப் பதிந்து, ஆண்டுக்கு 45 நாட்கள் சாலையில் ஓட்ட வழி வைத்திருப்பதும் நல்லதே. அந்தக் காலை நான் பார்த்த மினிக்கு அந்த நாள் 45-ல் ஒன்று.

2000 அக்டோபர் 4-ல் கடைசி மினி ஆலையைவிட்டு வெளியேறியது. அதுவரை 53 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. அந்தக் கார் விட்டுச்சென்ற பாடம் என்னவென்று கேட்டால், எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்பதற்கு முன், இருக்கும் இடத்தில் மனிதரை எப்படி வசதியாக அமர்த்தலாம் என்று யோசிப்பது. சின்னத் தீவுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. இன்று நம் கார்கள் ஆண்டுக்கு ஆண்டு பருத்துக்கொண்டே போகின்றன. உள்ளே பெரும்பாலும் ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தைப் புரட்டுங்கள். ஏதாவது ஒரு சின்னக் காரின் மேல் சாய்ந்துகொண்டு ஒரு மாமாவோ அத்தையோ நிற்பார்கள். அது என்ன கார், எந்த ஆண்டு, யார் ஓட்டினார், எத்தனை பேர் ஏறினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். தாத்தாவோ பாட்டியோ பால் வெட்டியவராக இருந்தால், அந்தத் தோட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.